மச்சினன் பார்த்த சேலம்

என் மச்சினன் அர்த்தநாரியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்று உட்கார்ந்தால் ஒன்றும் தேறவில்லை. சேந்தமங்கலத்தில் அப்பன் சம்பாதித்துக் கொடுத்த தோட்டம், நாற்பது வயது, முறுக்கிவிட்ட மீசை. இவற்றில் மீசை ஒன்றுதான் அவன் சொந்த உழைப்பு.

1938இல் சென்னிமலை என்கிற என் மாமனாருக்குச் சேலத்தில் கண்புரை அறுத்தார்கள். நான்கு வருஷமாகவே அவருக்கு ஆள் முகம் தெரியாது. மகன் முகத்தை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் டாக்டரிடம் அவர் சொன்ன ஒரே ஆசை. இரண்டு கண்ணையும் கட்டிவிட்டு, பத்து நாள் தலையை அசைக்கக் கூடாது என்றார்கள். பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுப்பது அர்த்தநாரியின் வேலை. அதைவிடச் சுலபமான வேலையை யாருக்கும் கொடுக்க முடியாது.

அவனோ ஊர் சுற்றக் கிளம்பிவிட்டான். கோயிலும் சினிமாவும் கடைவீதியும் பட்டிக்காட்டான் பார்க்கிறவையாம். யாரும் பார்க்காததைத் தான் பார்க்க வேண்டுமாம். ஜங்ஷனில் ரயில் எஞ்சின் தண்ணீர் பிடிப்பதை ஒரு காலை முழுக்க நின்று பார்த்தான். செவ்வாய்ப்பேட்டையில் சோடாவுக்குக் கேஸ் ஏற்றுவதைப் பார்த்தான். கோர்ட்டில் உட்கார்ந்து யாரோ இருவரின் வரப்புத் தகராறை மத்தியானம்வரை கேட்டான். அவனுடைய சொந்த வரப்புத் தகராறு மூன்று வருஷமாக ஊரில் தீராமல் கிடந்தது. கிழவர் தண்ணீருக்குப் பக்கத்துக் கட்டில்காரரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஆறாம் நாள் சலூனுக்குப் போனான். மரத்தடியில் குந்தவைத்துச் சவரம் செய்துகொண்டவனுக்குச் சுழல் நாற்காலி, முன்னும் பின்னும் கண்ணாடி, தலைக்கு மேல் மின்விசிறி. பெரிய உத்தியோகஸ்தருக்குச் செய்கிறபடி செய் என்று அதிகாரமாகச் சொல்லிவிட்டுக் குறட்டை விட்டான். விழித்தபோது மீசை தரையில் கிடந்தது. கடைக்காரர்மேல் தப்பில்லை, அவருக்குத் தெரிந்த உத்தியோகஸ்தர்கள் அப்படித்தான் இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் தகப்பனுக்குக் கொள்ளி வைத்தவன்தான் மீசையை எடுப்பான்.

பயல் அதற்கும் கலங்கவில்லை. கட்டுப் பிரிக்க நாலு நாள் இருக்கிறது, அதற்குள் முளைத்துவிடும் என்று மறுநாள் ஐஸ் தயாரிப்பதைப் பார்க்கப் போய்விட்டான். நாலு நாளில் முளைக்கிற மீசையை நான் கண்டதில்லை. போதாக்குறைக்கு, டாக்டர் ஒரு நாள் முன்னதாகவே கட்டைப் பிரித்துவிட்டார்.

அன்று காலைதான் நான் பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்தேன். அர்த்தநாரி துண்டால் வாயை மூடிக்கொண்டு கதவோரம் நின்றான். டாக்டர் மாமனாருக்குத் தடிக் கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டார். கிழவர் கண்ணைச் சிமிட்டினார், நீர் வழிந்தது. மகனைக் கிட்டே வரச் சொல்லி, துண்டைத் தாமே விலக்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். எனக்கு அவனை அங்கேயே அறைய வேண்டும்போல் இருந்தது.

பார்வை தெரிகிறதா, இது யார் என்று டாக்டர் கேட்டார்.

“நல்லாத் தெரியுதுங்க,” என்றார் மாமனார். “எனக்குக் காரியம் பண்ணிப்போட்டு வந்து நிக்கற எம்பட பையனுங்க.”