அப்பா கட்டிய பின்மதில்

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அப்பாவோடு வேலை பார்த்தவர்களுக்கும், அவர் தோட்டம் அமைத்துக் கொடுத்த வீட்டாருக்கும் மகளின் வணக்கம். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது மலையாளம். தமிழ் எழுத்து அப்பா வீட்டில் சொல்லிக் கொடுத்தது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களில் பலர் வீட்டின் பின்பக்கம் போய்ப் பார்த்தீர்கள். தொட்டி தொட்டியாகக் கருகிய தண்டுகள் நின்றன. மதிலில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தது. "மனுஷன் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப செடிக்கு ஒரு சொம்புத் தண்ணி ஊத்த இந்த வீட்ல ஆளில்ல" என்று சித்தப்பா சொன்னது என் காதில் விழுந்தது. நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்று சொல்லி அம்மா என்னை அடக்கிவிட்டார். ஓராண்டு அடங்கியிருந்தேன். இனி முடியாது. தண்ணீர் இல்லாமல் அந்தச் செடிகள் சாகவில்லை. கடல் தண்ணீரை நானே உள்ளே விட்டுக் கொன்றேன். ஏன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது பள்ளுருத்தியில். தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நகரசபைத் துப்புரவு வேலைக்கு வந்தவர். தாத்தா சீக்கிரமே போய்விட்டதால், அப்பா எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டு வாய்க்கால் வாரும் வேலைக்கு இறங்கினார். இறங்கினார் என்றால் சொல்லுக்குச் சொல் அப்படித்தான். இடுப்பளவு சேற்றில் நின்றே தன் இளமையைக் கழித்தவர் அவர். வேலை முடிந்து இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்த பிறகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போவதுண்டு. அப்பா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வருவார். கூட உட்கார்ந்திருக்கும் எனக்குத்தான் ஆத்திரம் பொங்கும்.

செடிப் பித்து அவருக்கு அந்த வாய்க்காலில்தான் பிடித்தது. பெரிய வீடுகளில் கழித்துப் போடும் தண்டும் கிழங்கும் வாய்க்காலில் வந்து சேரும். அப்பா அவற்றைப் பொறுக்கிக் கழுவி, டிபன் தூக்கில் போட்டுக் கொண்டுவருவார். "சோறு கொண்டுபோற பாத்திரத்துல சாக்கடைக் குப்பையா" என்று அம்மா தூக்கை ஒரு நாள் தெருவிலேயே எறிந்தார். எறிந்த இடத்திலிருந்து அப்பா எடுத்து நட்டது ஒரு பெகோனியா. இலையின் அடிப்புறம் ரத்தச் சிவப்பு. அதிலிருந்து ஆரம்பித்துப் பெகோனியாவில் மட்டும் நாற்பதுக்கு மேற்பட்ட வகைகள் சேர்த்தார். மூணாறு பக்கம் போகும் லாரிக்காரர்களிடம் சொல்லி வைப்பார். நர்சரிக்காரர்களுக்கு ஒரு வகையைக் கொடுத்து வேறொன்றை வாங்கி வருவார். கூடவே பெரணி, ஆந்தூரியம், ஒடிந்த மரக்கிளையோடு தூக்கி வந்த ஆர்க்கிட். மட்டாஞ்சேரியில் எங்களுக்கு இருந்த நாலு சென்டில் வீடு போக மிச்ச இடமெல்லாம் அவை.

ஓய்வு பெற்ற பின் காக்கநாட்டுப் பக்கம் புதிதாக வீடு கட்டியவர்கள் அவரைத் தோட்டம் அமைக்கக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. மழை பெய்யாத நாளில் எந்த வீட்டையும் போய்ப் பார்க்கமாட்டார். நல்ல மழை பிடிக்கும்போது குடையோடு போய், முற்றத்தில் ஒரு மணி நேரம் பேசாமல் நிற்பார். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, எங்கே தேங்குகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்று பார்த்துக் குச்சி நட்டு வைப்பார். அதற்குப் பிறகுதான் செடிப் பேச்சு. "தண்ணி போற வழியில கைய வைக்காம மிச்ச எடத்துல செடி வைக்கணும். இதுக்குப் படிப்பு வேணுமா" என்பார். அதில் ஒரு வீட்டில் அவருக்குச் சாயா வந்தது வெளிச்சுவரில் கவிழ்த்து வைத்திருந்த தனி கிளாசில். அப்பா குடித்துவிட்டுக் கழுவி அங்கேயே வைத்தார். அந்த வீட்டார் இதை வாசித்தால் எனக்கு வருத்தமில்லை.

இனி மதில். மட்டாஞ்சேரியில் இருப்பவர்களுக்கு வேலியேற்றம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டாம். வெளியூர்ச் சொந்தங்களுக்காகச் சொல்கிறேன். மார்கழி, தை மாதங்களில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏறும். வாய்க்கால் வழியாக உப்புத் தண்ணீர் தெருவுக்கும் வீட்டுக்கும் வந்து, சில மணி நேரம் நின்று இறங்கும். எங்கள் சந்தில் பள்ளமான இடம் எங்கள் பின்கட்டு. பக்கத்து வீடு கதீஜா இத்தாவுடையது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த பழைய குட்டை மதிலில் ஒரு திறப்பு உண்டு. ஏற்றத் தண்ணீர் அதன் வழியாக எங்கள் பள்ளத்தில் வந்து பரவும். இறங்கும்போது எங்கள் பின்பக்கக் குழாய் வழியாக வாய்க்காலுக்குப் போய்விடும். அதனால் இத்தா வீட்டில் வாசற்படியோடு நின்றுவிடும்.

ஒரு வருடம் அந்த உப்பில் அப்பாவின் பெகோனியாக்கள் பாதி அழுகிப் போயின. மறு மாதமே அப்பா வெட்டுக்கல் இறக்கி மதிலை உயர்த்தினார். திறப்பைச் சிமென்ட் வைத்து அடைத்தார். குழாய்க்கு ஒரு மூடி செய்து மாட்டினார். அதற்குப் பின் எத்தனையோ ஏற்றம் வந்தும் எங்கள் தோட்டத்தில் ஒரு சொட்டு ஏறவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் அவர் கைவேலையைப் புகழ்ந்தார்கள். நானும் ஆபீசில் பெருமை பேசியிருக்கிறேன். இத்தா வீட்டு அடுக்களையில் வருடா வருடம் தண்ணீர் ஏறியது. கடல் பொங்குகிறது, காலம் கெட்டுவிட்டது என்று இத்தா சொல்வார். நாங்களும் ஆமாம் போட்டோம்.

போன வருடம் அப்பா நுரையீரல் கோளாறால் கலூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில் கிடந்தார். அன்று பௌர்ணமிக்கு மறுநாள். அம்மாவை அவரோடு விட்டுவிட்டு, மாற்றுத் துணி எடுக்க நான் காலை முதல் பஸ்ஸில் வீட்டுக்குப் புறப்பட்டேன். அப்பா ஆக்சிஜன் மாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு சொன்னார்: "இன்னிக்கு ஏத்தம் இருக்கு மோளே. கொழாய் மூடி சரியா அடஞ்சிருக்கான்னு பாத்துக்கோ. ஒரு சொட்டு உள்ள வரக் கூடாது."

சந்தில் நான் கால் வைக்கும்போதே முழங்கால் தண்ணீர். எங்கள் தோட்டம் மட்டும் காய்ந்து கிடந்தது. மூடியைச் சரிபார்த்துவிட்டு நிமிரும்போது மதிலுக்கு அப்பாலிருந்து இத்தாவின் குரல் வந்தது.

"மோளே, ஒன்னு ஓடி வாயோ. இக்காடெ கட்டிலு வரெ வெள்ளமெத்தி."

இத்தாவின் கணவர் காதர் இக்கா பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருப்பவர். ஓடினேன். செங்கல் அடுக்கி உயர்த்திய கட்டிலின் பலகையைத் தண்ணீர் தொட்டுவிட்டது. இக்காவால் கை கால் அசைக்க முடியாது, கண் மட்டும் அங்கும் இங்கும் ஓடியது. நானும் இத்தாவும் தூக்கிப் பார்த்தோம். கனத்த உடம்பு. பாதி தூக்கும்போதே நழுவித் தலை தண்ணீர்ப் பக்கம் சாய்ந்தது. பதறிப்போய்த் திரும்பப் படுக்க வைத்தோம். தெருவில் கூப்பிட்டுப் பார்த்தேன். எல்லா வீட்டிலும் இதே பாடு, யாரும் வரவில்லை. ஏற்றம் உச்சிக்கு வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

இத்தா வீட்டுப் பின்வாசலுக்கு வந்து மதிலை எட்டிப் பார்த்தேன். இந்தப் பக்கம் தொடை வரை தண்ணீர். அந்தப் பக்கம் அப்பாவின் தொட்டிகள் ஈரமில்லாமல் வரிசையாக இருந்தன. எங்கள் மதில் தடுத்த தண்ணீர்தான் இங்கே ஏறுகிறது என்பது எத்தனை வருடமாகக் கண்முன் இருந்தது, அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. மனம் கூசிவிட்டது. அப்பாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை. அந்தச் செடிகளை ஒவ்வொன்றாக விசாரித்துத்தான் தினமும் அவர் மருந்து விழுங்குவார் என்பது மட்டும் நினைவுக்கு வந்தது. அப்பாவிடம் போனில் கேட்கலாமா என்று கையில் எடுத்தேன். கூடாது என்று சொல்லிவிட்டால்? போனை இடுப்பில் செருகிக்கொண்டு, வீட்டுக்கு ஓடிக் கடப்பாரையை எடுத்துவந்தேன்.

எங்கள் பக்கம் நின்று மேலிருந்து மூன்று வரிக் கற்களைப் பெயர்த்தேன். நாலாவது வரியை அசைப்பதற்குள் தண்ணீர் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. சிறு தொட்டிகள் மிதந்தன, பெரியவை கவிழ்ந்தன. சிவப்பு அடியிலைகள் தண்ணீரில் மல்லாந்து சுற்றுவதைப் பார்த்து அழுதேன். கொஞ்ச நேரத்தில் இத்தாவின் குரல் கேட்டது. கட்டில் பலகை வெளியே தெரிகிறது என்றார்.

மருத்துவமனைக்குத் திரும்பியதும் அப்பா கேட்டார்.

"ஏத்தம் வந்துச்சா?"

"வந்துச்சு அப்பா. நம்ம பக்கம் ஒண்ணுமில்ல. செடியெல்லாம் சுகமா இருக்கு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவர் சந்தோஷப்படுவார் என்று காத்திருந்தேன். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று மாலை சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. நோய் முற்றுகிறது என்று டாக்டர் சொன்னார். "காதர் எப்படி இருக்கான்?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். நன்றாக இருக்கிறார் என்றேன். என் முகத்தையே பார்ப்பார், மேற்கொண்டு கேட்கமாட்டார். நான் சொன்ன பொய்தான் அவரை அரிக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நாலாம் நாள் மதியம் கஞ்சிக் கரண்டியை வாயருகே கொண்டுபோனேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நம்ம பக்கம் ஒணங்கிக் கெடக்குன்னா, அம்புட்டு வெள்ளமும் எங்க போச்சு மோளே?"

கரண்டியைக் கிண்ணத்தில் திரும்ப வைத்தேன்.

"அந்த மதில் கட்டின மொத வருஷமே எனக்குத் தெரியும். நாலு ஊர் வாய்க்கால் வாரினவன் நான், எனக்குத் தெரியாதா? அடுத்த வருஷம் தொறந்து விடலாம், அடுத்த வருஷம் தொறந்து விடலாம்னு இருந்துட்டேன். அன்னிக்கு ஒன்னைய மூடியப் பாருன்னு அனுப்பினப்பக்கூட செடிதான் நெனப்புல இருந்துச்சு. நீ போனப்புறந்தான் காதர் நெனப்பு வந்துச்சு. அவன் செத்துட்டானா? மறைக்காம சொல்லு."

"அப்பா, செடி எல்லாம் போச்சு. ஒண்ணுகூட மிச்சமில்ல. நாந்தான் மதில ஒடச்சு வெள்ளத்த உள்ள விட்டேன். இக்காவுக்கு ஒண்ணுமில்ல. சத்தியமா."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். கடைக்கண்ணில் வழிந்தது. துடைக்கப் போனேன், வேண்டாம் என்று தலையசைத்தார். கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"எத்தன வரி எடுத்தே?"

"மேல மூணு வரி."

"அடிவரி வரைக்கும் எடுத்துடு. எறங்குற வெள்ளம் அடியிலதான் போகும்."

பிறகு வாயைத் திறந்தார். அரைக் கிண்ணம் கஞ்சி குடித்தார். அதற்கு மூன்றாம் நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில், அம்மாவும் நானும் பக்கத்தில் இருக்க, அவர் மூச்சு அடங்கியது. காரியத்துக்கு முன்பாகவே அடிவரி வரைக்கும் பெயர்த்துவிட்டேன். நீங்கள் பார்த்த ஓட்டை அதுதான். ஆண்டு நினைவுக்கு மதிலைப் பூசிப் புதுச் செடிகள் வைத்துத் தருவதாகச் சித்தப்பா சொல்லியிருக்கிறார். அவர் அன்பு எனக்குத் தெரியும். சித்தப்பா, அந்த இடத்தில் ஒரு கல்கூட வைக்க வேண்டாம்.

அப்பாவைக் கடைசிவரை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸ்களுக்கும், அவரைத் தோளில் சுமந்த வாய்க்கால் வேலைத் தோழர்களுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவிடாமல் பள்ளுருத்தியிலிருந்து சாப்பாடு கொடுத்தனுப்பிய மாமா குடும்பத்துக்கும் எங்கள் நன்றி.

கதீஜா இத்தாவுக்கு நன்றி எழுத எனக்குக் கை வரவில்லை. அப்பா போன நாளிலிருந்து பார்க்கும்போதெல்லாம் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வது ஒன்றுதான்: "என்டெ இக்காவெ காத்தது நின்டெ அச்சன்டெ தோட்டமாணு மோளே." தன் கணவரைக் காப்பாற்ற அப்பாவின் தோட்டம் அழிந்தது என்று ஒவ்வொரு தொழுகையிலும் அப்பாவுக்காகத் துஆ கேட்கிறார். ஓராண்டாக அதை வாங்கி விழுங்கிக்கொண்டிருக்கிறேன். அவர் அடுக்களையில் அத்தனை வருடம் தண்ணீர் ஏறியது எதனால் என்று அவருக்கு இதுவரை தெரியாது. அப்பா கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை அப்பாவின் மகள் இந்த மலரில், உங்கள் எல்லோருக்கும் முன்னால் கேட்கிறேன்.

இத்தாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அச்சகத்திலிருந்து வரும் முதல் பிரதியோடு அவர் வீட்டுக்குப் போய், இக்காவின் கட்டிலருகே உட்கார்ந்து, இதை மலையாளத்தில் நானே வாசித்துச் சொல்லப்போகிறேன். இந்த மலர் உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்றால் அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.