பசாசு வேடக்காரர் சவரிமுத்து

திருநாளின் இரண்டாம் நாள் காலை. பசாசு வேஷத்துக் கொம்பு நழுவாமலிருக்கத் தலையில் துணி சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சவரிமுத்து அண்ணாவுக்குக் கஞ்சித் தூக்கோடு போன என் மகள் அருளாயி, அதே தூக்கோடு திரும்பி வந்து வாசலில் நின்றாள். "அப்பா, பெரியப்பா எழுந்திரிக்கல. ஒடம்பு சில்லுனு இருக்கு" என்றாள். கொம்பைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே ஓடினேன். வழியில் என்னைப் பார்த்த பிள்ளைகள் வழக்கம்போலச் சிதறி ஓடின. அவருக்கு அது பிடித்திருக்கும்.

லாடக்காரர் சவரிமுத்துவை வில்லியனூர்ச் சந்தைக்கு மாடு ஓட்டி வந்த எல்லாருக்கும் தெரியும். முரட்டுக் காளையைக் கயிறு போட்டுச் சாய்த்து, அதன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே நாலு காலுக்கும் லாடம் கட்டிவிடுவார். ஆனால் வில்லியனூரை அடுத்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவர் லாடக்காரர் இல்லை, பசாசு. மிக்கேல் சம்மனசுத் திருநாளில் மூன்று நாள் நடக்கும் நாடகத்தில் இருபது வருஷத்துக்குமேல், சம்மனசாக இருந்து கெட்டுப் பசாசான லூசிபேராக ஆடியவர் அவர். இரவில் ஆடக்கூடாதென்று சுவாமியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், கோயில் மைதானத்தில் பிற்பகலில்தான் ஆட்டம். பள்ளிக்கூடத்து வாத்தியார் என்ற மரியாதைக்கு எனக்குப் பசாசை வெல்லும் தேவதூதரான சம்மனசு வேஷம் கொடுத்தார்கள். வேறு தகுதி ஒன்றும் எனக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

ஊரில் ஒரு கட்டு உண்டு. பசாசு வேஷம் கட்டுகிறவர் அந்த மூன்று நாளும் கோயிலுக்குள் வரக்கூடாது. வாசலுக்கு வெளியே பூவரச மரத்தடியில் நின்று பூசை காண வேண்டும். கடைசி நாள் ஆட்டம் முடிந்து ஆற்றில் முழுகி, உபதேசியார் தீர்த்தம் தெளித்த பிறகுதான் உள்ளே போகலாம். "உங்களுக்குக் கஷ்டமா இல்லியாண்ணா?" என்று ஒரு தடவை கேட்டேன். "நீயும் நானும் ஒரே வூட்டுப் புள்ளைங்கதானே சம்மனசே! நான் கோவிச்சிக்கினு வெளிய வந்துட்டேன், அவ்ளோதான்" என்று சிரித்தார்.

அவர் சொன்ன இன்னொன்றும் எனக்கு மறக்காது. "பசாசு கத்தாதுடா தம்பி. காதோட காதா இதமா பேசும். பின்வரிசைக்குக் கேக்கணுமேன்னுதான் நான் கத்தறேன்."

நாடக முடிவில் சம்மனசு பசாசின் மார்பில் கால் வைத்து ஈட்டியை ஓங்கி நிற்க வேண்டும். பாட்டு முடியும்வரை அசையக்கூடாது. அந்த நேரத்தில்தான் நாங்கள் இருவரும் குசுகுசுவென்று ஊர்க்கதை பேசுவோம். "மெதுவா மிதிடா சம்மனசே, காலையில குடிச்ச கஞ்சி மேல வருது" என்பார். சிரிப்பை அடக்கி விறைப்பாக நிற்பது இருக்கிறதே, அப்பப்பா!

ஒரு வருஷம் அப்படிக் கிடந்தபடியே கேட்டார். "வூட்ல முழுகாம இருக்காங்களாமே? ஞானஸ்நானத்தப்போ புள்ளையைக் கையில ஏந்தி ஞானத்தகப்பனா நான் நிக்கட்டுமா? இதுவரைக்கும் ஒருத்தரும் என்னைக் கூப்பிட்டதில்ல." அவருக்குப் பிள்ளை கிடையாது, மனைவியும் முன்பே போய்விட்டாள். "நீங்கதாண்ணா" என்றேன். "பேச்சு மாறாதே" என்றார்.

மாறினேன். மகன் பிறந்ததும் பாகூரிலிருந்து வந்த மாமியார், "பசாசைக் கூட்டியாந்து புள்ளையைக் கையில குடுப்பீங்களா? உங்களுக்குப் புத்தி இருக்கா மாப்ள?" என்றாள். ஊர் என்ன சொல்லும், பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் என்ன செய்வாய் என்று என் காதிலும் ஏதோ இதமாகப் பேசியது. மனைவியின் மாமா ஒருவரை ஏற்பாடு செய்தேன். சவரிமுத்து அண்ணாவுக்குச் சொல்லியனுப்பக்கூட எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ஞானஸ்நானத்தன்று அவர் வெளுத்த வேட்டியும் புதுத் துண்டுமாக வந்தார். பிள்ளை வேறொருவர் கையில் இருப்பதைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு மடியிலிருந்து வெள்ளி அரைஞாண் ஒன்றை எடுத்து அந்த மாமாவிடம் நீட்டி, "நீங்களே கட்டிடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்ப் பூவரச மரத்தடியில் நின்றார். அன்று திருநாள்கூட இல்லை. என்னை அவர் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அடுத்த வருஷ நாடகம். என் கால் அவர் மார்பில். "பையன் நடக்கறானா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கையில் ஈட்டியோடு நின்று தேம்பினேன். "பாருடி, சம்மனசு அழுவுது!" என்று கூட்டத்தில் பெண்கள் உருகிப்போனார்கள். பசாசுக்காகவும் சம்மனசு மனமிரங்கியதென்று சுவாமியார் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கமே வைத்தார். வெட்கக்கேடு!

இரண்டு வருஷம் கழித்து அருளாயி பிறந்தாள். அவர் லாடம் கட்டும் இடத்துக்குப் போய், "இந்தத் தடவை நீங்கதாண்ணா" என்றேன். நாலாவது காலுக்கும் ஆணி அடித்து மாட்டை எழுப்பி விட்ட பிறகுதான் நிமிர்ந்தார். "உங்க மாமியார் இன்னா சொல்வாங்க?" "சொல்லட்டும்." "நாடகத்துல நீ மிதிக்கலாம் தம்பி. கோயில்ல மறுபடியும் மிதிச்சிடாதே" என்றார். அவர் என்னிடம் குறைபட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.

ஞானஸ்நானத்தில் குழந்தைக்காக ஞானத்தகப்பன்தான் பதில் சொல்ல வேண்டும். சுவாமியார் லத்தீனில் கேட்க, உபதேசியார் தமிழில் சொன்னார்: "பசாசை விட்டுவிடுகிறாயா?" பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாமியாரின் செபமாலை அப்படியே நின்றது. சவரிமுத்து அண்ணா குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மாட்டின் காதில் பேசுகிற அந்தச் சின்னக் குரலில், "விட்டுவிடுகிறேன்" என்றார். "அதன் கிரியைகளை?" "விட்டுவிடுகிறேன்." "அதன் ஆடம்பரங்களை?" "அதையும் விட்டுடறேன் சாமி" என்றார்.

மறுநாள் கொம்பு இரண்டையும் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் வீட்டில் வைத்தார். செத்த காளையின் கொம்பை அவரே இழைத்துச் செய்தது. அந்த வேஷத்தின்மேல் அவருக்கு எவ்வளவு ஆசை என்பது எனக்குத் தெரியும். நாடகம் ஆடுவது பாவமில்லை என்று சுவாமியாரே கூப்பிட்டுச் சொல்லியும் கேட்கவில்லை. "எனக்குத் தெரியும் சாமி. கொழந்தைக்குத் தெரியாதே. நாளைக்கு என்னைக் கொம்போட பார்த்தா, நமக்காகப் பொய் சொன்னவன்னு நெனைக்காதா?" என்றார். வேறு யாரும் அந்த வேஷத்துக்கு முன்வரவில்லை. நான் கட்டிக்கொண்டேன். நாடகத்தின்போது அவர் முன்வரிசையில் அருளாயியை மடியில் வைத்துக்கொண்டு, "பயப்படாதே கண்ணு, உங்கப்பன்தான்" என்று சொல்வது எனக்கு மேடைவரை கேட்கும்.

திருநாளின் மூன்றாம் நாள் காலை அவருக்கு அடக்கப் பூசை. "இன்னிக்கு மட்டும் ஆட்டத்துக்கு முன்னாடியே தீர்த்தம் தெளிச்சுடறேன், உள்ள வாங்க வாத்தியாரே" என்றார் உபதேசியார். வேண்டாம் என்றுவிட்டேன். அவர் நின்ற பூவரச மரத்தடியிலேயே நின்றேன். உள்ளே பெட்டிக்குப் பக்கத்தில் அருளாயி, பெற்ற மகளைப்போல மெழுகுவர்த்தி பிடித்து நின்றாள். அங்கிருந்து பீடம் தெரியாது, பாட்டு மட்டும்தான் கேட்கும். இருபது வருஷத்துக்குமேல் அவரும் இதைத்தான் கேட்டுக்கொண்டு நின்றார்.

அவரைத் தெரிந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். அவர் கொம்பு என்னிடம் இருக்கிறது. "விட்டுவிடுகிறேன்" என்ற அந்தச் சின்னக் குரலும் என்னிடம் இருக்கிறது. காதோரம் ஏதாவது இதமாகப் பேசும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்கிறேன்.

அன்று பிற்பகல் நாடகம் நடந்தது. இப்போது சம்மனசு வேஷம் என் மகனுக்கு. பாட்டு தொடங்கியது; அவன் கால் என் மார்பில் இருந்தது. "வலிக்குதாப்பா?" என்று கேட்டான். இத்தனை வருஷம் அவனிடம் சொல்லாததை அப்போது சொன்னேன். "ஒனக்கு ஞானத்தகப்பனா நிக்க வந்தவருடா பெரியப்பா. ஒன் அரைஞாண் அவரு வாங்கியாந்தது. நான்தான் அவரை வெளிய நிக்க வெச்சேன்."

மார்பின்மேல் இருந்த கால் பாரம் குறைந்து லேசாயிற்று. கூட்டத்தில் யாரோ ஒரு பெண் சொன்னது கேட்டது: "பாருடி, இந்தச் சம்மனசும் அழுவுது."