உறுமி அடித்த கை

மலேசியாவின் ஈப்போ நகரில் விபத்து வழக்குகள் நடத்திய அந்த வழக்கறிஞருக்கு நரைத்த மீசை. வெளுத்துப்போன கறுப்புக் கோட்டு. யார் வந்தாலும் விபத்தைப் பற்றி முதலில் கேட்கமாட்டார்.

ஜெலாப்பாங் தொழிற்சாலை இயந்திரத்தில் விரல்களை இழந்த என் அப்பாவிடமும், "அந்தக் கையால முன்ன என்னெல்லாம் செய்வீங்கண்ணே?" என்றுதான் கேட்டார்.

கால்சட்டைப் பையில் கையை மறைத்திருந்த அப்பா தயங்கினார். "தோட்டத்துக் கோயில் திருவிழாவுல உறுமி அடிப்பேன். அதெல்லாம் கோர்ட்டுக்கு எதுக்குலா சார்?"

"எங்கப்பா ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவரு. கால் போனப்ப, எப்ப மறுபடி வேலைக்கு வருவேன்னு மட்டுந்தான் தொரை கேட்டாரு. அதுக்காகத்தான் நான் வக்கீலானேன்."

தீர்ப்பு என்னவென்று மறந்துவிட்டது. நீதிபதி முன் அவர் உறுமியைப் பற்றிப் பேசியபோது, அப்பா அந்தக் கையை வெளியே எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டார்.