கரண்ட் இல்லாத நாள்

பெருங்களத்தூரில் எங்கள் தெருவில் அவ்வப்போது பராமரிப்புக்காகக் காலையிலிருந்து சாயங்காலம்வரை மின்சாரத்தை நிறுத்துவார்கள். அதை ஷட் டவுன் என்றே சொல்வோம். ஆடுகிற பிளக், தேய்ந்துபோன சுவிட்ச், சத்தம் போடும் ஃபேன் எல்லாவற்றையும் அந்த நாளுக்கென்று ஒதுக்கி வைத்திருப்போம். கரண்ட்தான் இல்லையே, பயமில்லாமல் கை வைக்கலாம் என்ற நினைப்பு. கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்ற எனக்கும் அதே நினைப்புதான்.

வீட்டின் கீழ்த்தளத்தில் நான், மேல்தளத்தில் என் தம்பியும் அவன் மனைவியும். என் மனைவி போன பிறகு எனக்குச் சாப்பாடு மேலிருந்துதான் வரும். வீட்டில் எந்த ரிப்பேராக இருந்தாலும் நான் சொல்வேன், அவன் செய்வான். சிறு வயதிலிருந்தே அப்படித்தான்.

மொட்டை மாடியில் சோலார் பேனல் போட்டோம். பேனலிலிருந்து இரண்டு வயர்கள் ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் ஓடி, கீழே இன்வர்ட்டருக்கு இறங்கின. அந்தக் குழாயைத் துணி காயப்போடும் இடத்துக்குக் குறுக்கே, தரையோடு போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தம்பி மனைவி ஈரத்துணி வாளியோடு அதில் தடுக்கி விழப் பார்த்தாள். போட்டவர்களைக் கூப்பிட்டால் இன்று நாளை என்று இழுத்தார்கள். அடுத்த ஷட் டவுனில் நாமே வயரை வெட்டிச் சுவரோரமாகக் கொண்டுபோய் இணைத்துவிடலாம் என்று சொன்னவன் நான்.

அன்று நல்ல வெயில். தம்பி கட்டிங் பிளேயரோடு வந்தான். நான் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணா, பேனலுக்கு அடியில ஒரு பெட்டி இருக்குல்ல, அதுல சுவிட்ச் இருக்குன்னாங்க. ஆஃப் பண்ணிட்டு வந்துடட்டா?"

"ஊருக்கே கரண்ட் இல்ல. நீ எதுக்கு அதுக்கு அடியில தவழ்ந்து போற? இடுப்பு பிடிச்சுக்கும், அப்புறம் ஒரு வாரம் புலம்புவ."

"புரொஃபசர் சொன்னா சரி. ஷாக் அடிச்சா மார்க் போடுவியா?"

"பாஸ் மார்க் போடறேன். வெட்டு."

குழாயின் இணைப்பைக் கழற்றி, உள்ளே இருந்த இரண்டு வயரையும் சேர்த்துப் பிடித்து வெட்டினான். பிளேயரின் வாயில் வெள்ளையாக ஒரு வெளிச்சம் வந்தது. பொறி பறந்து அணைந்துவிடும் என்று நினைத்தேன். அணையவில்லை; நின்று எரிந்தது. பிளேயரின் கைப்பிடியில் ரப்பர் கிழிந்திருந்தது. அவனால் கையை விட முடியவில்லை. நாற்காலியைத் தூக்கி, அதன் காலால் அவன் கையைத் தள்ளிவிட்டேன்.

வெயில் பட்டுக்கொண்டிருக்கும்வரை பேனலில் மின்சாரம் இருக்கும். தெருவில் கரண்ட் போனால் இன்வர்ட்டர்தான் நிற்கும். பேனலிலிருந்து வரும் வயரில் மின்னழுத்தம் அப்படியே இருக்கும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஒளியிலிருந்து மின்சாரம் எப்படி வருகிறது என்று கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். அன்று அது ஞாபகத்துக்கு வரவில்லை.

தாம்பரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எப்படி நடந்தது என்று டாக்டர் கேட்டார். தம்பி மனைவி பக்கத்தில் நின்றிருந்தாள். "யாரையும் கேக்காம இவனே வெட்டிட்டான். நான் கவனிக்கல" என்றேன். அந்த வாக்கியம் யோசிக்காமல் வந்தது. தம்பி கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

உள்ளங்கைக் காயம் ஆறிவிட்டது. வலது கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் உணர்ச்சி திரும்பவில்லை. சட்டைப் பொத்தானை அவன் மனைவிதான் போட்டுவிடுகிறாள். போடும்போதெல்லாம் திட்டுவாள்.

"இவ்ளோ படிச்ச அண்ணன் வீட்லயே இருக்காரு. ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலயே உங்களுக்கு."

"தப்புதான், விடு" என்பான். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். நான் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருப்பேன். குற்ற உணர்ச்சி என்று ஒன்று அப்போது தெரியவில்லை. எதுவும் தெரியவில்லை.

போன ஷட் டவுன் அன்று மேலே சாப்பிட உட்கார்ந்தோம். அவன் ஸ்பூனால் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தான். சமையலறையில் ஒரு சுவிட்ச் போயிருந்தது. அதை யார் மாற்றுவது என்று ஆரம்பித்து, அவள் வழக்கம்போல அவனைத் திட்டினாள். "தப்புதான்" என்றான்.

"அவன் கேட்டான்மா. அன்னிக்கு பேனல் சுவிட்ச ஆஃப் பண்ணட்டான்னு கேட்டான். நான்தான் வேணாம்னேன்."

அவள் குழம்புக் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டாள்.

"ஆஸ்பத்திரில வேற மாதிரி சொன்னீங்களே, மாமா."

"பொய் சொன்னேன்."

அவள் எழுந்து உள்ளே போனாள். தம்பி ஸ்பூனைக் கீழே வைத்தான்.

"இப்ப எதுக்கு சொன்ன? நல்லாத்தான போய்க்கிட்டிருந்துது. நான் திட்டு வாங்கிப் பழகிட்டேன்."

 தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கீழே வந்தேன்.

இப்போது அவள் அவனைத் திட்டுவதில்லை. மேலிருந்து சத்தமே வருவதில்லை. சாப்பாடு மட்டும் தவறாமல் வருகிறது. முன்பு உள்ளே வந்து மேசைமேல் வைத்து, மூடியைத் திறந்து, "சூடா சாப்பிடுங்க மாமா" என்பாள். இப்போது கேரியரைக் கடைசிப் படியில் வைத்துவிட்டு, கதவை ஒருமுறை தட்டிவிட்டு ஏறிப் போகிறாள். நான் எடுத்து வருகிறேன். பசிக்கிறது. சாப்பிடுகிறேன்.