கொடியின் எந்தப் பக்கம்

காலை ஆறு நாற்பது. முதலில் கண்ணில் பட்டது சிவப்பு. இரண்டாவது ஏரியின் கரையில், பனி படிந்த புல்லில், மெல்லிய கம்பிகளில் செருகிய சின்னச் சின்னக் கொடிகள் வரிசையாக நின்றன. முந்தின நாள் அவை அங்கே இல்லை.

ரொறன்ரோவில் நான் குடியிருக்கும் பகுதியின் பூங்காவில் மூன்று ஏரிகள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி ஒரு தார்ப்பாதை. ஏற்றம் இறக்கம் கிடையாது. குழந்தை வண்டி தள்ளுபவர்களும் முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தவர்களும் நடக்கிற பாதை. புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து விடும். நான் பிறந்த ஊரில் குளம் என்றால் அதன் தண்ணீர் ஏதாவது ஒரு வயலுக்குப் போக வேண்டும். இந்தத் தண்ணீர் எங்கும் போவதில்லை. மனிதர்களைச் சுற்றி நடக்கவைக்கிறது, அவ்வளவுதான்.

ஊரிலிருந்து, வட்டக்கச்சியிலிருந்து, விசிற் விசாவில் வந்திருந்த என் அக்காவை இந்தச் சுற்றுக்கு வேண்டுமென்றேதான் கூட்டிப்போனேன். அவர் இங்கேயே தங்குவதற்கு விண்ணப்பிப்பதா இல்லையா என்று அன்று மதியத்துக்குள் சட்டத்தரணிக்குச் சொல்ல வேண்டும். அக்கா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இந்த ஊரில் பயமில்லாமல் நடக்கலாம் என்று கண்ணால் கண்டால் மனம் மாறும் என நினைத்தேன். அக்காவின் வேலை போர் விட்டுப்போன மிதிவெடிகளை அகற்றுவது. போன வருடம் பக்கத்தில் வேலை செய்த பெண்ணுக்கு ஒரு கை போயிற்று. அதை அக்கா எனக்குச் சொல்லவில்லை. வேறொருவர் சொல்லித்தான் தெரியும்.

அந்த ஏரி முனையில் பாதையைக் கொத்திப் போட்டிருந்தார்கள். குறுக்கே ஒரு வலை. அதன் அருகே நின்ற மஞ்சள் மேலங்கி இளைஞன், கொடிகளுக்கு நடுவால் புல்லில் இறங்கிச் சுற்றிப் போகும்படி கையைக் காட்டினான். நான் இறங்கி இரண்டு மூன்று அடி வைத்திருப்பேன்.

“தம்பி, நில்.”

அக்காவின் சத்தம் உயரவில்லை. அதனால்தான் நின்றேன்.

“திரும்பாதை. வைச்ச அடியிலையே காலை வைச்சுப் பின்னுக்கு வா.”

அது நிலத்தடி மின்கம்பிக்கான அடையாளம் என்று எனக்குத் தெரியும். வவுனியாவில் பத்திரிகைக்கு வேலை செய்த காலத்தில், உறுதிப்படுத்தாமல் எதையும் நம்பக் கூடாது என்று படித்தவன் நான். ஆனாலும் நான் திரும்பவில்லை. பனியில் என் அடிகள் கறுப்பாகத் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் கால் வைத்துப் பின்னால் வந்தேன். தாரில் குதிகால் பட்டதும் அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்.

பூச்சிமருந்து அடித்த புல்லுக்குப் பயப்படுகிறோம் என்று அந்த இளைஞன் நினைத்திருக்க வேண்டும். மருந்தில்லை, மின்கம்பி மட்டும்தான் என்றான். சேஃப், சேஃப் என்றபடி, நிரூபிக்கிற மாதிரி, கொடிகளுக்கு நடுவில் துள்ளிக் காட்டினான். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே சொன்னார்:

“எந்தப் பக்கம் துப்பரவாக்கினது எண்டு கேள்.”

எங்கள் ஊரில் மிதிவெடி நிலத்தில் நடும் கட்டையின் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் வெள்ளையும் பூசியிருக்கும். வெள்ளை தெரிகிற பக்கம் மாடு மேயலாம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகலாம். சிவப்பு தெரிந்தால் நின்றுவிட வேண்டும். இந்தக் கொடிகள் இரண்டு பக்கமும் சிவப்பு. நான் கேட்டேன். அவன் புல்லைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். இரண்டு பக்கமும் புல்லைப் புதன்கிழமை வெட்டுவார்கள் என்றான்.

“அப்ப இன்னும் முடியேல்லை,” என்றார் அக்கா.

வந்த வழியே திரும்பினோம். முதல் ஏரிக்கு வந்ததும் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, “பேப்பர்க்காரன், விசாரிக்காமல் இறங்கிறாய்,” என்றார். சிரித்தோம். அக்காவின் கை என் சட்டையை இன்னும் விடவில்லை.

அங்கேயே காணிக் கதையும் வந்தது. அப்பாவும் அம்மாவும் மலையகத் தோட்டத்தை விட்டு வந்து, ஜெயபுரத்தில் காடு வெட்டி எடுத்த காணி. போரில் இடம்பெயர்ந்தபின் யாரும் உள்ளே போகவில்லை. வேலியில் மிதிவெடி என்று சிவப்புப் பலகை. இப்போது அக்காவின் குழுவே அதில் இறங்கியிருக்கிறதாம்.

“அங்கை இருக்கிறது சுத்துக்கட்டில்லாத கிணறு. செடி பத்தை மூடிக் கிடக்கு. வெடி தேடி நிலத்தைப் பாத்துக்கொண்டு போறவளுக்கு அது இருக்கிற இடம் தெரியாது, தம்பி. உள்ளுக்கை போயிடுவாள்.”

போனில் இடத்தைச் சொல்லிவிடலாமே என்றேன்.

“நீ ரெண்டடி வைச்சதுக்கே நான் பக்கத்திலை நிண்டெல்லோ மறிச்சனான். போனிலை எப்பிடி மறிக்கிறது?”

வீட்டுக்கு வந்தோம். பன்னிரண்டு மணிக்கு முன்பே சட்டத்தரணிக்கு அழைத்து, வேண்டாம் என்று சொன்னேன். அக்கா அந்த வாரமே ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார்.

போன மாதம் கூப்பிட்டார். கிணற்றைக் கண்டுபிடித்துவிட்டார்களாம், அவர் சொன்ன இடத்திலிருந்து சற்றுத் தள்ளி. ஒருவரும் விழவில்லை. சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறார்கள். பூங்காவில் பாதையைச் செப்பனிட்டுக் கொடிகளையும் பிடுங்கிவிட்டார்கள். அந்தப் புல்லில் பிள்ளைகள் பந்தடிக்கிறார்கள். நான் முதலாவது ஏரியைச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.