நான் தைத்த தார்ப்பாய் சீட் கவர்

ஆறுமுகநேரி உப்புக்காற்றில் எங்கள் ஸ்கூட்டர் சீட் வெடித்து ஸ்பாஞ்சு வெளியே வந்துவிட்டது. உப்பு அம்பாரத்தை மூடும் தார்ப்பாயில் மிஞ்சிய துண்டை வெட்டி, விளிம்பில் எலாஸ்டிக் வைத்து நானே கவர் தைத்தேன். மழைத் தண்ணீர் இறங்காது என்று எனக்கு ஒரே பெருமை. கணவர் ஒரு மாதம் தனியாக ஓட்டினார், ஒன்றும் ஆகவில்லை.

ஒருநாள் காலை அவருடைய அக்காவை, என் மதினியை, உப்பளத்தில் விடக் கிளம்பினார். சேலை கட்டியிருந்த மதினி ஒரு பக்கமாக உட்கார்ந்து, "ஏளா, கடையில வாங்குனது மாதிரில்லா இருக்கு!" என்று சிரித்தார். தெருமுனை வேகத்தடையில் வண்டி குலுங்கியதும் வழுக்கி விழுந்தார். ஓடிப்போய்ப் பார்த்தால் கவர் ஒரு பக்கமாகத் தொங்கியது. கணவர் அக்காவைத் தூக்குவதில் இருந்தார்; ஆட்கள் வருமுன் அதை இழுத்துச் சரிசெய்துவிட்டேன். ஏன்தான் அப்படிச் செய்தேனோ!

இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மதினி இனி உப்பளத்துக்குப் போக முடியாது. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "நாந்தான் கம்பியப் பிடிக்கல" என்கிறார்.

இப்போது சொரசொரப்பான துணியில்தான் தைக்கிறேன். சீட்டுக்கு அடியில் நாடாவால் இறுக்கிக் கட்டி, நானே ஒரு பக்கமாக உட்கார்ந்து அசைத்துப் பார்க்கிறேன். ஆனால் மதினி முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். படுத்தபடியே மதினி இந்தப் பத்திரிகையை ஒரு பக்கம் விடாமல் படிப்பார்.