மூன்று மில்லிமீட்டர் கல்

சொந்தக்காரர்கள் எல்லாரும் அவளைக் 'கேப்டன்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் விமானம் ஓட்டுகிறாள், அவர்களுக்கு அது போதும். "கேப்டன் இல்ல சித்தப்பா, கோ-பைலட்" என்று முதல் இரண்டு வருஷம் திருத்திப் பார்த்தாள், பிறகு வாய் வலித்து விட்டுவிட்டாள். ஐம்பது பேர் உட்காரும் சின்ன விமானம். அதன் வலது பக்க இருக்கையில் பதினோரு வருஷம் ஓடிவிட்டது. இடது பக்கம் கேப்டனுடையது. இரண்டுக்கும் நடுவே ஒரு முழங்கை அகலம்கூட இருக்காது. அந்த முழங்கை அகலத்தைத் தாண்டத்தான் அவள் இத்தனை காலமும் தவம் கிடந்தாள்.

கம்பெனி சின்னது. கேப்டன்களில் யாராவது ஓய்வு பெற்றால்தான் இடம் காலியாகும், அவர்களோ லேசில் இடத்தை விட்டு எழுந்திருக்கிற ஆட்கள் இல்லை. இந்த வருஷம் ஒருவர் எழுந்தார். வரிசையில் முதல் ஆள் அவள். பயிற்சி ஆறு வாரம், வெளிநாட்டில். தேதியும் குறித்தாகிவிட்டது. அன்றைக்குக் கையில் செல்லுபடியாகும் மெடிக்கல் சர்டிஃபிகேட் இருக்க வேண்டும், வேறு நிபந்தனை கிடையாது. வருஷா வருஷம் வாங்குகிற சர்டிஃபிகேட்தானே என்று அவள் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

வினை வயிற்று உப்புசமாக வந்தது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தாள். வயிற்றில் ஒன்றுமில்லை என்றார்கள். போகிற போக்கில், "வலது சிறுநீரகத்துல மூணு மில்லிமீட்டர்ல ஒரு கல்லு இருக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டும், தண்ணி நிறையக் குடிங்க" என்றும் சொன்னார்கள். அவளும் மறந்துவிட்டாள். இரண்டு வாரம் கழித்து விமானிகளுக்கான மருத்துவப் பரிசோதனைக்குப் போனபோதுதான் படிவத்தில் அந்தக் கேள்வி இருந்தது. சென்ற பரிசோதனைக்குப் பின் வேறு மருத்துவர் யாரையாவது பார்த்தீர்களா?

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். விமானத்தில் ஒரு பதிவேடு இருக்கும். ஒரு விளக்கு மினுக்கினாலும், ஒரு சொட்டு எண்ணெய் கசிந்தாலும், ஓட்டி வந்தவர் அதில் எழுதிவிட்டுத்தான் இறங்க வேண்டும். எழுதிய அரை மணியில் மெக்கானிக் வருவார், பார்ப்பார், சரி செய்து கையெழுத்துப் போடுவார், விமானம் மறுபடி கிளம்பிவிடும். பதினோரு வருஷம் இப்படியே எழுதிப் பழகிய கை அது. தன் உடம்பையும் அப்படித்தான் எழுதிவிட்டது. கல், மூன்று மில்லிமீட்டர், வலது பக்கம், வலி இல்லை.

பரிசோதித்த மருத்துவர் படிவத்தைப் படித்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"எழுதிட்டீங்களே."

"கேட்டிருந்தாங்க டாக்டர்."

"சரிதான். ஆனா நடுவானத்துல கல்லு நகர்ந்து வலி வந்தா விமானத்த யாரு பாத்துக்கறதுன்னு மேல கேப்பாங்க. இனிமே நான் கையெழுத்துப் போட முடியாது. பரிசீலனைக் குழுவுக்குப் போகணும்."

"எத்தனை நாள் ஆகும்?"

"அது அவங்க கையில இருக்கு" என்று மருத்துவர் அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அடித்தார்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவள் கணவர் விஷயம் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "பெரிய அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணு. யாரு வந்து உன் வயித்துக்குள்ள எட்டிப் பாக்கப் போறாங்க?" அவளுக்கும் அதே எண்ணம் வந்திருந்தது. அதனால்தான் அன்றைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

சர்டிஃபிகேட் இல்லாதவரை விமானத்தின் பக்கம் போகக் கூடாது. கம்பெனி அவளை ரோஸ்டர் அறையில் உட்கார வைத்தது. யார் எந்த விமானத்தில், எத்தனை மணிக்கு, யாரோடு என்று கட்டம் கட்டி நிரப்புகிற வேலை. தன் பெயர் இல்லாத கட்டங்களைத் தன் கையாலேயே நிரப்பினாள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது, ஆனால் சத்தம் வரும். கிளம்புகிற ஓசையை வைத்தே எந்த விமானம், எவ்வளவு பாரம் என்று அவளால் சொல்ல முடியும். சொல்லி என்ன ஆகப்போகிறது, யாரும் கேட்கவில்லை.

வீட்டில் தண்ணீர் குடிக்கும் வேள்வி நடந்தது. ஒரு நாளைக்கு நாலு லிட்டர். பதினைந்து வயது மகள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் தாள் ஒட்டிக் குடித்ததைக் குறித்துவைத்தாள். கல் வெளியே வந்தால் பிடித்துக் கொடுக்க வேண்டுமாம். பழைய டீ வடிகட்டி ஒன்று சமையலறையிலிருந்து குளியலறைக்கு இடம் மாறியது, அதை இனி யாரும் தொடக் கூடாது என்று வீட்டில் சட்டமும் போட்டாயிற்று. நாற்பத்தி மூன்றாம் நாள் காலையில் வடிகட்டியில் 'டிங்' என்று ஒரு சத்தம். மிளகில் பாதிதான் இருக்கும். அதை ஒற்றை விரல் நுனியில் வைத்துக்கொண்டு அவள் அழுதாள், சிரிக்கவும் செய்தாள். இரட்டைப் பிள்ளை பெற்றிருந்தால்கூட இவ்வளவு பெருமையாகக் காட்டியிருக்க மாட்டாள். கணவர் கடையிலிருந்து லென்ஸ் டப்பா ஒன்று கொண்டுவந்து கொடுத்தார்.

புது ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் சுத்தம். அனுப்பினாள். மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. கல் என்ன கல் என்று ஆய்வகத்தில் கொடுத்துக் கேட்டு வரவும். கேட்டு அனுப்பினாள். அடுத்த கடிதம், ரத்தப் பரிசோதனை. அதுவும் போனது. அதற்குள் ஸ்கேனுக்குத் தொண்ணூறு நாள் கடந்துவிட்டதால் மறுபடி எடுக்கவும் என்று இன்னொரு கடிதம். இவர்கள் பதில் போடத் தாமதமானதால்தான் தொண்ணூறு நாள் ஆனது என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவள் படிவத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அப்படியொரு கட்டம் இல்லை. மறுபடி எடுத்து அனுப்பினாள். அதோடு கடிதமும் நின்றது, கிணற்றில் போட்ட கல்தான். இணையதளத்தில் அவள் எண்ணைத் தட்டினால் எப்போதும் ஒரே வரி: பரிசீலனையில் உள்ளது.

செவ்வாய்க்கிழமைதோறும் குழுவின் அலுவலகத்துக்குப் போன் செய்வாள். எடுக்கிற பெண்ணின் குரல் அவளுக்கு மனப்பாடம்.

"மேடம், குழு மாசத்துக்கு ரெண்டு தடவதான் கூடுது. போன தடவ உங்க ஃபைல் மேசைக்கே வந்துச்சு."

"வந்து?"

"உங்களுக்கு முன்னாடி இருந்த ஃபைலோடயே அன்னிக்குக் கூட்டம் முடிஞ்சிடுச்சு மேடம்."

"எனக்கு முப்பதாம் தேதி வரைக்கும்தாங்க டைம். கல்லே இல்லைங்க இப்ப. ஒரு தடவ சொல்லிப் பாருங்களேன்."

"நான் சொல்ற இடத்துல இல்ல மேடம்."

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். போன் எடுப்பவளுக்கு அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ளவர்களிடம் போன் இல்லை. நடுவானத்தில் ஒரு இன்ஜின் நின்றால்கூட அடுத்து என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியும். இதற்கு அவளிடம் ஒரு வழியும் இல்லை.

இருபத்தெட்டாம் தேதி தலைமை விமானி கூப்பிட்டார். நல்ல மனிதர். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னதிலேயே அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது.

"முப்பதாம் தேதி மத்தியானம் பன்னெண்டுக்குப் பேரு அனுப்பணும்மா. அதுக்குள்ள உன்னோடது வரலன்னா அடுத்தவன் பேரு போயிடும். அப்புறம் அவனே வேணாம்னு எழுதிக் குடுத்தாத்தான் மாத்த முடியும்."

"அடுத்த பயிற்சி எப்போ சார்?"

"அடுத்த ஆள் ரிட்டையர் ஆக நாலு வருஷம் இருக்கு."

அடுத்தவன் என்றால் நெட்டை. விமானக் கதவில் தலையை இடித்துக்கொள்ளாமல் அவன் நுழைந்த நாளே இல்லை. எட்டு வருஷம் முன்பு சேர்ந்தபோது அவனுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். முப்பதாம் தேதி பன்னிரண்டு அடித்தது, இணையதளம் அதே வரியைக் காட்டியது, பெயர் போனது.

அன்றைக்கு மூன்று மணிக்கு நெட்டை வீட்டு வாசலில் நின்றான். கையில் தடிப் புத்தகம். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. நாளைக்குக் கிளம்பணும். எனக்கு வேற யாரும் தெரியாது" என்றான். கதவை அவன் முகத்தில் அறைந்து சாத்தத்தான் அவளுக்குத் தோன்றியது. "உள்ள வா" என்றாள்.

சாப்பாட்டு மேசைக்கு எதிரே, விமானி அறையின் ஆள் உயரப் படத்தை ஒட்டியிருந்தாள். எந்தப் பொத்தான் எங்கே என்று அசல் அளவில் இருக்கும். இடது இருக்கைக்கு மாறினால் கையும் மாறும். இத்தனை வருஷம் இடது கையால் தொட்டதையெல்லாம் வலது கையால் தொட வேண்டும். நாலு மாதமாகத் தினமும் ஒரு மணி நேரம் நாற்காலி போட்டு அதற்குத்தான் பழகியிருந்தாள். இப்போது அந்த நாற்காலியில் நெட்டை உட்கார்ந்தான்.

நாலு இருபதுக்கு அவள் போன் அதிர்ந்தது. 'உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. சான்றிதழைப் பதிவிறக்கிக்கொள்ளலாம்.' இரண்டு முறை படித்தாள். மூன்றாம் முறை எழுத்து கலங்கியது.

"மெடிக்கல் வந்துடுச்சு" என்றாள்.

நெட்டை திரும்பினான். "இப்பவாக்கா?"

"இப்பத்தான்."

"ரொம்ப சந்தோஷம்க்கா." சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

அவள் காத்திருந்தாள். ஐந்து மாதத்தைத் தாங்கியவளுக்கு அந்த அரை நிமிஷம் தாங்கவில்லை. நான் எழுதிக் கொடுத்துடறேன் என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் புத்தகத்தில் ஒரு பக்கம் புரட்டினான். வாய் திறந்து கேட்டால் ஒருவேளை கொடுத்துவிடுவான். அவளுக்குக் கேட்க வரவில்லை. அவன் இடத்தில் தான் இருந்தாலும் இப்படித்தான் புத்தகத்தைப் பார்த்துக் குனிந்திருப்போம் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதனால் அவன்மேல் கோபப்படவும் வழியில்லாமல் போனது.

"இடது இன்ஜின்ல தீன்னு வச்சுக்குவோம்" என்றான், நிமிராமல். "முதல்ல இதுதானேக்கா?" பழக்கதோஷத்தில் இடது கையை நீட்டினான்.

அவள் எழுந்து அவன் பின்னால் போய் நின்றாள். அவன் வலது கையைப் பிடித்துத் தூக்கி, படத்தில் சரியான இடத்தின் மேல் வைத்தாள்.